தூசித் தட்டில் விழுந்த வளையங்கள்

நவம்பர் முதல் வாரம் என்று நினைவு. மாலைத் தேநீர் நேரம். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் மாடியில், கடைசி அறையில், ஒரு கணினியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். யாரும் பேசவில்லை. அதுதான் என்னை உள்ளே இழுத்தது. ஆராய்ச்சி மாணவர்கள் கூட்டமாக நின்று பேசாமல் இருப்பதும், சந்தையில் என் அம்மாவும் அவள் கூட்டாளிகளும் மீன் கூடைக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் ஒன்று. ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

எட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு. நடுவில் கண்கூசும் பொட்டு. பொட்டைச் சுற்றி ஒரு கருவளையம், பிறகு ஓர் ஒளிவளையம், மறுபடி இருட்டு, மறுபடி ஒளி. மரத்தை அறுத்துப் போட்டால் தெரியுமே, அப்படி.

யாரோ வரைந்தது என்றுதான் நினைத்தேன். அழகாக வரைந்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனியர் என்னைத் திரும்பிப் பார்த்து, இது வரைந்ததில்லை, எடுத்தது என்றார். சிலி நாட்டுப் பாலைவனத்தில் வரிசையாக நிற்கும் வானொலித் தொலைநோக்கிகள் எடுத்தது. ரிஷப மண்டலத்துப் பக்கம், நானூற்றைம்பது ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஓர் இளம் நட்சத்திரம்.

எனக்கு அந்த நட்சத்திரத்தைத் தெரியும். ஒன்றரை வருடமாக நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததே அந்த வகை நட்சத்திரத்துக்குத்தான். என் கணக்கில் அதைச் சுற்றிய தட்டு வழவழவென்று இருந்தது. வளையம் கிடையாது. பள்ளம் கிடையாது. நன்றாகத் தேய்த்துக் கவிழ்த்த தோசைக்கல் மாதிரி.

தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் அது அச்சு இயந்திரத்தின் மேல் இருந்தது.

மணிமேடையைச் சுற்றும் பஸ்

நான் கல்லூரியில் சேர்ந்த கதையைச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் எழுதியபோது, தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: தம்பி, நீங்கள் என்னதான் ஆராய்ச்சி செய்கிறீர்கள், அதைச் சொல்லவே இல்லையே. சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் என் அதிர்ச்சி உங்களுக்குப் புரியாது.

நட்சத்திரம் பிறப்பது வாயுவும் தூசும் கலந்த இருண்ட மேகத்தில். மேகத்தின் ஒரு பகுதி தன் எடை தாங்காமல் உள்ளே சரிகிறது. சரியச் சரிய, அதில் முதலில் இருந்த கொஞ்சநஞ்சச் சுழற்சி வேகமெடுக்கிறது. அதனால் எல்லாம் நேராக நடுவில் போய் விழ முடிவதில்லை. நடுவைச் சுற்றித் தட்டையாகப் பரவுகிறது. அதுதான் தட்டு. நடுவில் இருப்பது குழந்தை நட்சத்திரம்.

நாகர்கோவில் மணிமேடை ஜங்ஷனில் மணிக்கூண்டைப் பஸ்கள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுகிற வரைக்கும் பஸ் நடுவே போகாது. அதன் சுழற்சியை யாராவது பிடுங்கிக்கொள்ள வேண்டும். தட்டில் இருக்கும் வாயுவுக்கும் அதே பாடு. தன் சுழற்சியில் ஒரு பங்கை வெளிப்புறத்து வாயுவிடம் தள்ளிவிடுகிறது. இன்னொரு பங்கை, காந்தப் புலத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பீறிட்டு ஓடும் காற்று எடுத்துக்கொண்டு போகிறது. சுழற்சியை இழந்த வாயு உள்ளே சாய்கிறது. நட்சத்திரம் வளர்கிறது. நம் சூரியனும் இப்படித் தட்டில் வைத்து ஊட்டி வளர்த்த பிள்ளைதான்.

சமர்த்தாக உண்ணும் பிள்ளையும் அல்ல. வெகு காலம் கொறித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு நாள் வாய் நிறைய விழுங்கி, பழையதைவிட நூறு மடங்கு பிரகாசமாக எரியும். நான் முதன்முதலில் இதைப் படித்தபோது இரண்டு நாள் வேறு எதிலும் மனம் போகவில்லை. மினுமினுவென்று அமைதியாக இருப்பதாக நாம் நினைக்கும் ஒன்று, பிறந்த புதிதில் இவ்வளவு அடம்பிடிக்குமா?

சரி. வளையம் எங்கே வருகிறது? தட்டில் இருக்கும் தூசு ஒன்றோடொன்று ஒட்டி, கல்லாகி, கடைசியில் கோளாகும். கோள் தான் போகும் பாதையைக் கூட்டிப் பெருக்கிவிடும். அப்போது வளையம் விழும். இதற்கெல்லாம் நெடுங்காலம் ஆகும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அந்த நட்சத்திரத்துக்குப் பத்து லட்சம் வயதுகூட நிறையவில்லை. எங்கள் கணக்கில் அது கைக்குழந்தை. கைக்குழந்தையின் வாயில் பல்வரிசையைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஜனவரியில் மதிப்பீட்டுக் குழு கூடும், இந்தப் படத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும், பதில் இல்லாமல் போய் நிற்காதே என்று மட்டும் சொன்னார். குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

சேவியர் மாமாவின் விசா

டிசம்பரில் ஊருக்கு வந்தேன். குளச்சலுக்குத் தெற்கே, கடலைப் பார்த்த எங்கள் ஊர். வீட்டில் எனக்காக இன்னொன்று காத்திருந்தது.

சேவியர் மாமா அம்மாவின் தம்பி. குவைத்தில் எலக்ட்ரீசியன். விடுமுறைக்கு வந்திருந்தார். அவருடைய கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியாக இருக்கிறதாம். எம்.எஸ்சி. படித்தவன் என்றால் உடனே எடுத்துக்கொள்வார்களாம். வருடப் பிறப்புக்குள் பாஸ்போர்ட் நகல் கொடுத்தால் போதும்.

அக்டோபரில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். டிசம்பரில் சிரிக்க முடியவில்லை. யோசித்துச் சொல்றேன் மாமா என்றேன்.

அம்மா முற்றத்தில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் படித்தவளில்லை. அப்பாவும் படித்தவரில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதனால் படிப்பு விஷயத்தில் என்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்று அம்மா தானாகவே ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஆனால் தலைச்சுமடாக மீன் கூடை சுமந்து சுமந்து அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவாள். அன்று மாமா பேசும்போதும் அப்படித்தான் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள். குவைத் என்றால் கூடை இறங்கிவிடும். அது எனக்கும் தெரியும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா வடசேரிச் சந்தையிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் மீன் விற்பவள். மகன் என்ன செய்கிறான் என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள். நட்சத்திரம் பார்க்கிறான் என்பாள். உடனே உள்ளே போய் ஜாதகக் கட்டை எடுத்துவந்து நீட்டுவார்கள். அம்மா அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். "நீங்க பொறந்த நேரத்த எனக்க மோன் பாக்க மாட்டான். நட்சத்திரம் பொறந்த நேரத்தத்தான் பாப்பான்." ஏழு வருடம் படித்த நான் இதைவிடச் சுருக்கமாக என் வேலையை யாருக்கும் சொன்னதில்லை.

அவளிடம் அந்தப் படத்தை என் போனில் காட்டினேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. போனைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, நடுப்பொட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இது சூரைக் கண்ணுல்லா மக்கா. கண்ணு தெளிஞ்சி கெடக்கு. புது மீனு."

"மீனு இல்லம்மா, நட்சத்திரம். ஆனா புதுசுதான். பத்து லட்சம் வருசம்கூட ஆவல்ல."

"பத்து லட்சமா? அப்பம் ஐஸ்ல போட்டதாக்கும்."

நவம்பருக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அன்பியத்தின் மானம்

எங்கள் பங்கில், அதாவது எங்கள் தேவாலயத்துக்கு உட்பட்ட ஊரில், குடும்பங்களை அன்பியம் அன்பியமாகப் பிரித்திருப்பார்கள். இருபது முப்பது வீடு சேர்ந்தது ஓர் அன்பியம். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு அன்பியமும் இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தைக் காட்டும் ஒரு குடில் கட்டும். போட்டி உண்டு. அந்தப் போட்டியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மாட்டுக்கு உண்மையான வைக்கோலா, கடையில் வாங்கியதா என்று தொடங்கும் தகராறு, பெண் கொடுத்து எடுத்த வீடுகளைப் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆக்கியிருக்கிறது.

எங்கள் அன்பியத் தலைவி மெற்றில்டா அத்தை. முந்தின வருடம் நாங்கள் தோற்றதற்குக் குடிலின் மேல் தொங்கிய நட்சத்திரம்தான் காரணம் என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். அத்தை அதை வருடம் முழுக்க மனதில் வைத்திருந்தார். நான் பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்றே வந்துவிட்டார்.

"ஏலே, நீ நட்சத்திரத்துக்குப் படிக்கப் போன ஆளு. இந்தத் தடவ நட்சத்திரம் உனக்க பொறுப்பு. அதையும் தோத்தா நீ படிச்சதுக்கு அர்த்தம் இல்ல, கேட்டியா?"

சரி என்றேன். ஒரு வீம்பு வந்தது. வால் வைத்த காகித நட்சத்திரம் வேண்டாம், பிறந்த நட்சத்திரம் உண்மையில் எப்படி இருக்குமோ அப்படிச் செய்வோம். என் தட்டைச் செய்வோம். வழவழவென்ற தட்டு. சிலியில் இடம் இல்லாவிட்டால் போகட்டும், எங்கள் ஊர்க் குடிலிலாவது அது சுற்றட்டும்.

பெரிய அலுமினியத் தட்டம் ஒன்றை எடுத்து, அடியில் கடற்கரை மணலைப் பரப்பினேன். எங்கள் கரை மணல் ஒரே நிறமாக இருக்காது. வெள்ளை உண்டு, சிவப்பு உண்டு, கையில் எடுத்தால் கனக்கும் கறுப்பும் உண்டு. மூன்றையும் நன்றாகக் கலந்து, சீராகச் சாம்பல் நிறம் வரும்வரை கையால் நிரவினேன். மேலே ஓரங்குலத்துக்குத் தண்ணீர். நடுவில் தொங்கும்படி ஒரு மஞ்சள் பல்பு.

தட்டம் சுற்ற வேண்டுமே. மாமாதான் வழி கண்டுபிடித்தார். பல வருடங்களுக்கு முன் அவர் குவைத்திலிருந்து கொண்டுவந்த மைக்ரோவேவ் அடுப்பு ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. யாருக்கும் அதில் சமைக்கத் தெரியவில்லை. அம்மா அதற்குள் மருந்துச் சீட்டுகளை வைத்திருந்தாள். உப்புக்காற்று மீதியைத் தின்றுவிட்டது. மாமா அதைப் பிரித்து, உள்ளே கண்ணாடித் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டாரை எடுத்து, தட்டத்துக்கு அடியில் மாட்டினார். பைய, அழகாகச் சுற்றியது.

வேலை செய்யும்போது விசாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தடவை, ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு, முகம் பார்க்காமல், நகல் எடுத்து வச்சியா என்று கேட்டார். எடுத்து வைத்திருந்தேன். சட்டைப் பையில் இருந்தது.

கரண்டு போய் வந்தது

கிறிஸ்துமஸ் அன்று மாலை நடுவர்கள் வந்தார்கள். பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு கன்னியாஸ்திரீயும் இரண்டு ஆசிரியர்களும். அன்பியம் முழுவதும் குடிலைச் சுற்றி நின்றது. என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஊர் முழுக்க வண்ண விளக்கு போட்டிருந்ததால் கரண்டு திணறிக்கொண்டிருந்தது.

வானத்தில் நட்சத்திரம் பிறக்கும்போது என்று தொடங்கினேன். பல்பு அணைந்தது. தட்டம் நின்றது. உள்ளே தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்டு வந்தது. தட்டம் இப்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. கூட்டம் சிரித்தது. அந்த மோட்டாருக்க குணம் அது, நின்னு கெளம்பினா எந்தப் பக்கம் போவும்னு அதுக்கே தெரியாது என்று மாமா பின்னாலிருந்து விளக்கம் சொன்னார். மறுபடி போயிற்று. மறுபடி வந்தது. இப்படி நாலைந்து தடவை.

கடைசியாகப் பல்பு எரிந்து நிலைத்தபோது நான் தட்டத்தைப் பார்த்தேன்.

நான் நிரவிய சாம்பல் நிறம் இல்லை. நடுவில் வெள்ளை மணல் குவிந்திருந்தது. அதைச் சுற்றி மங்கலாக ஒரு சிவப்பு. அதற்கும் வெளியே, நகர மனமில்லாத கறுப்பு மணல், வளையமாக.

 மைக் கையில் இருந்தது. அதைப் பிடித்தபடியே தட்டத்தின் மேல் குனிந்தேன்.

என்ன நடந்தது என்று விளக்குவது எளிது. தட்டம் நிற்கும்போதும் திசை மாறும்போதும் அடித்தளத்துத் தண்ணீர் உரசி, சுழற்சியை இழந்து, நடுவை நோக்கி ஓடுகிறது. லேசான மணலைக் கூடவே கொண்டுபோகிறது. கனத்தது பின்தங்கிவிடுகிறது. தேநீரைக் கலக்கிவிட்டு வைத்தால் தூள் நடுவில் சேருமே, அதேதான். இது நட்சத்திரத்தில் நடப்பதற்குச் சமம் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே கணக்கு வேறு, காரணம் வேறு.

என்னை அடித்தது அது அல்ல. தண்ணீரில் வளையம் இல்லை. தண்ணீர் எப்போதும்போல வழவழவென்றுதான் இருந்தது. மணலில்தான் வளையம்.

சிலியிலிருந்து வந்த படத்தில் ஒளிர்வது தூசு. நான் கணக்குப் போட்டது வாயுவுக்கு. வாயு எங்கே போகிறதோ அங்கேயே தூசும் போகும் என்று, வேலை எளிதாக வேண்டும் என்பதற்காக, இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தேன். உண்மையில் தூசு தன் பருமனுக்கு ஏற்ப நகரும், நிற்கும், ஓரிடத்தில் சிக்கிச் சேரும். தூசில் ஆழமான பள்ளம் தெரிந்தால் வாயுவிலும் அதே பள்ளம் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இது யாரும் அறியாத ரகசியம் ஒன்றுமில்லை. பாடப் புத்தகத்தில் உள்ளது. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த நவம்பர் மாலையிலிருந்து நான் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அதிர்ந்து போய், என் தோல்வியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னலே நிக்க, பேசு மக்கா" என்று கூட்டத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

மைக்கில் நான் சொன்னது இவ்வளவுதான்: "இந்த வளையம் நான் போட்டதில்ல. தானா விழுந்துது."

கூட்டம் மறுபடி சிரித்தது. கன்னியாஸ்திரீ குனிந்து பார்த்து, மீன் கண்ணை எதற்காகக் குடிலில் வைத்தீர்கள் என்று மென்மையாகக் கேட்டார். பரிசு வேறு அன்பியத்துக்குப் போயிற்று. நட்சத்திரத்துக்கு வால் இல்லை என்று எழுதியிருந்தார்களாம். மெற்றில்டா அத்தை என்னிடம் பேசுவதற்கு அடுத்த ஈஸ்டர் வரை ஆயிற்று.

பஸ் நிறுத்தத்தில்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. காரணத்தை இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் பெயர்களை வாசித்தார்கள். சுனாமி வந்து அந்த வருடத்தோடு பத்து ஆண்டு. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் இரண்டு கையாலும் மெழுகுவத்தியைத் தாங்கியிருந்தாள். கழுத்து அப்படியே விறைத்திருந்தது. அன்று இரவு முடிவு செய்தேன். தூசு, வாயு எல்லாம் இருக்கட்டும். இவள் கூடை இறங்கட்டும்.

அதற்கடுத்த காலை மாமா என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். ரயிலுக்கு நேரம் இருந்தது. ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், ஆராய்ச்சியை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்து, சான்றிதழ்களை வாங்கி வந்துவிடலாம் என்பது என் திட்டம். சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்து நீட்டினேன்.

மாமா வாங்கவில்லை.

"அந்த விசா இப்பம் இல்ல மக்கா. நேத்தே வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

கேட்டது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலா என்றேன். 

"கேட்டிருந்தா வாறேன்னு பறஞ்சிருப்ப. அம்மைக்காக. அதாக்கும் கேக்கல." பையைக் கீழே வைத்தார். "கரண்டு வந்தப்பம் எல்லாரும் குடிலப் பாத்தாவ. நான் உனக்க மூஞ்சியப் பாத்தேன். அந்த மூஞ்சிய அங்க வெயில்ல கொண்டு நிறுத்தினா, காலத்துக்கும் எனக்குத்தான் சாபம்."

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவ சொல்லித்தாம்லே குடுத்தேன் என்றார்.

 பஸ் வந்துவிட்டது. மாமா பையை ஏற்றி, கண்டக்டரிடம் பேசி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கால் வைக்கக் கீழே ஒரு படி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இரண்டு மாதமாக விழுந்துகொண்டிருந்தேன் போலும். இப்போது குவைத் என்ற அந்தப் படி இல்லை. அதை எடுத்தவர்கள் என் வீட்டு ஆட்கள்.  மடிக்கணினியைத் திறந்து, என் கணக்கின் நிரலில் தூசுக்கும் வாயுவுக்கும் நான் போட்டிருந்த கட்டை அவிழ்த்து, தூசுக்கென்று தனியாக ஒரு வரி எழுதி ஓட்டினேன். ஓடவில்லை. சிவப்பெழுத்தில் பிழை காட்டியது.

நாகர்கோவில் சந்திப்பில் இறங்கி, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, ரயில் வந்து நிற்கும்வரை அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.